நாகவல்லி பேசுவது உங்கள் மொழி

கேள்வி: அக்கா, எனக்குத் தக்கலை. கல்யாணமாகி ஆறு வருஷமாகப் பாறசாலையில் இருக்கிறேன். கணவர் வீட்டில் மலையாளம். எல்லாரும் நன்றாக வாசிப்பார்கள், தேடிப் பிடித்துப் படம் பார்ப்பார்கள். ஓணத்துக்குக் கூடியபோது, சாப்பாடு முடிந்து, அவரவருக்கு ரொம்பப் பிடித்த பேய்க்கதை எது, துப்பறியும் கதை எது, படம் எது என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்ததும் நான் தமிழ் மாத நாவல்களைச் சொன்னேன். கல்லூரியில் பாடம் எடுக்கும் சேட்டன் “அது பைங்கிளியல்லே” என்று சிரித்தார். என் கணவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து இந்தப் பேச்சு வந்தால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறேன். கட்டிலுக்கடியில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய நாவல்கள் இருக்கின்றன. அப்பா வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்து வைத்திருந்த ‘கொலையுதிர் காலம்’ தொடரும் அதில் இருக்கிறது (நடுவில் ஒரு வாரம் மட்டும் இல்லை). அவர்கள் மதிக்கிற மாதிரி எதைச் சொல்லலாம் என்று ஒரு நல்ல பட்டியல் தருவீர்களா? அல்லது என் ரசனையையே மாற்றிக்கொள்ள வேண்டுமா?
பெயர் வேண்டாம், பாறசாலை

பதில்: மக்ளே, நம்ம ஊர்க்காரி என்பதால் இப்படிக் கூப்பிடுகிற உரிமையை எடுத்துக்கொள்கிறேன்.

பட்டியல் சமாசாரத்தை முதலில் முடித்துவிடலாம். தர மாட்டேன். தந்தால் அது என் பட்டியல். அடுத்த ஓணத்துக்கு நீங்கள் அதை ஒப்பித்தால் சேட்டன் தலையாட்டுவார். “அதில் எந்த இடம் பிடிச்சுது?” என்று அடுத்த கேள்வி வந்ததும் மாட்டிக்கொள்வீர்கள். எனக்கே நடந்தது. பல வருஷம் முன்னால் ஒரு இலக்கியக் கூட்டத்தில், பிடித்த புத்தகம் எது என்று கேட்டார்கள். நாற்பது பக்கத்தோடு மூடி வைத்த ஒரு கனமான நாவலின் பெயரைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், “முடிவில் அந்தப் பெரியவர் செய்கிற காரியம் உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டார்கள். எந்தப் பெரியவர்? தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவள், அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

உண்மையான பதில் வேறு. விட்டலாச்சாரியாவின் ‘ஜகன்மோகினி’, 1978. தெலுங்கிலிருந்து நம் பக்கம் வந்து டென்ட் கொட்டகை வரைக்கும் ஓடிய படம். அதில் மோகினிப் பேய் சமைக்க உட்காரும். விறகுக்குப் பதில் தன் காலையே அடுப்புக்குள் நீட்டி எரிய விடும். நான் பார்த்தபோது சின்னப் பெண். எங்கள் வீட்டிலும் விறகடுப்புதான். அடுத்த நாள் காலை அம்மா அடுப்பு முன்னால் காலை மடக்கி உட்கார்ந்திருந்ததை வாசல்படியில் நின்றபடி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அது அம்மாதானா என்று. இன்றைக்கு கேஸ் அடுப்பு. ஆனாலும் வருஷத்தில் நாலு நாளாவது லைட்டரை அழுத்தும்போது அந்தக் கால் ஞாபகத்துக்கு வரும். நாற்பது பக்கத்தில் மூடிய நாவலில் ஒரு வரிகூட இப்படிக் கூடவே வரவில்லை.

உங்கள் பெட்டியில் இருக்கிற நாவல்களும் அப்படி ஏதோ ஒரு கணத்துக்காகத்தான் தக்கலையிலிருந்து பாறசாலை வரை உங்களோடு வந்திருக்கின்றன. அந்தக் கணம் எது என்று நீங்கள் எழுதவில்லை. ஓணத்தன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ‘மாத நாவல்’ என்று பொதுவாகச் சொன்னால் கேட்கிறவர் கண்ணில் என்ன தெரியும்? பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்குகிற சாணித்தாள் புத்தகமும் அதன் அட்டையில் கத்தியும்தான். அதைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார்கள்.

அந்தச் சிரிப்பில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ராஜேஷ்குமாரையும் பட்டுக்கோட்டை பிரபாகரையும் சுபாவையும் விழுந்து விழுந்து படித்தவள் நான். அந்தக் கதைகளில் துப்பறிகிற விவேக்கும் பரத்தும் சுசீலாவும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. ஆனாலும் மாதாமாதம் எழுதித் தள்ளுகிறபோது கடைசிப் பத்துப் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். எல்லாரையும் ஒரே ஹாலில் உட்கார வைத்து, யார் எதற்குச் செய்தார் என்று ஒரே மூச்சில் சொல்லி, ஸ்டேப்பிள் பின் போட்டு முடித்துவிடுவார்கள். இதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். “முடிவு சொதப்பல்தான், ஆனா அந்த முதல் அத்தியாயம் இருக்கே...” என்று ஆரம்பிக்கிறவளிடம் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

பைங்கிளி என்ற சொல்லுக்கு வருவோம். முட்டத்து வர்க்கியின் ‘பாடாத பைங்கிளி’ என்ற நாவலைக் கேரளமே விரும்பிப் படித்தது. அந்தப் பெயரிலிருந்துதான் இந்தக் கேலிச்சொல் பிறந்தது. கண்டிப்பாகப் பார்த்தால் அது காதல் கண்ணீர்க் கதைகளுக்கு உரிய பெயர், கழுத்தில் கத்தி இறங்கிய பிணத்துக்குப் பொருந்தாது. சேட்டன் பாடம் எடுப்பவர், அவருக்கு இது தெரியாமல் இருக்காது. அதைவிட நல்ல விஷயம் ஒன்று உண்டு. கோட்டயம் புஷ்பநாத் என்று ஒருவர் இருந்தார், 2018இல் காலமானார். டிடெக்டிவ் மார்க்ஸின், டிடெக்டிவ் புஷ்பராஜ் என்று இரண்டு துப்பறிவாளர்களை வைத்துக்கொண்டு, மாந்திரீகமும் மர்மமுமாக மலையாள வாரிகைகளில், அதாவது வாரப் பத்திரிகைகளில், எழுதிக் குவித்தவர். நம் ராஜேஷ்குமாருக்கு அந்தப் பக்கத்து அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபது, எண்பதுகளில் கேரளத்தில் வாரிகை வாங்கின வீடுகளில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு.

உங்கள் மாமியார் அந்தக் காலத்தில் என்ன வாசித்தார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? கேளுங்கள். தேங்காய் துருவும்போதோ கீரை ஆய்கிறபோதோ, சும்மா. அவர் டிடெக்டிவ் மார்க்ஸின் பெயரைச் சொன்னால் அந்த வீட்டில் உங்களுக்கு ஒரு கூட்டாளி கிடைத்தாயிற்று. சேட்டன் படித்த புத்தகங்கள் வந்து சேருவதற்கு முன்னால் அந்த வீட்டில் என்ன கிடந்தது என்பதும் தெரிந்துவிடும்.

பேய்க்கதையே மட்டம் என்று யாராவது சொன்னால் அதற்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை, வைக்கம் முகம்மது பஷீர் சொல்லிக்கொள்வார். அவருடைய ‘நீலவெளிச்சம்’ கதையில் எழுத்தாளன் ஒருவன் பேய் இருக்கிறது என்று பேர் வாங்கிய வீட்டுக்கு வாடகைக்குப் போகிறான். அங்கே இறந்துபோன பெண்ணோடு வீட்டுக்காரியிடம் பேசுவது மாதிரி மரியாதையாகப் பேசுகிறான். அதிலிருந்துதான் 1964இல் வின்சென்ட் இயக்கத்தில் ‘பார்கவி நிலையம்’ வந்தது. திரைக்கதையும் பஷீரே.

சரி, இப்போது உங்களிடம் இருக்கிற, அவர்களிடம் இல்லாத ஒன்றுக்கு வருகிறேன்.

அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் ‘மணிச்சித்திரத்தாழ்’ என்று சொல்லியிருப்பார். சொல்லாமல் எப்படி இருப்பார்கள்? 1993, பாசில் இயக்கியது, ஷோபனாவுக்கு தேசிய விருது வாங்கித் தந்த படம். அந்தப் படத்தில் பேய் என்ன மொழி பேசுகிறது? தமிழ்! நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கூட்டிக்கொண்டு வரப்பட்ட நாட்டியக்காரி. ஷோபனா நடித்த கங்கா, கங்காவாக இருக்கிறவரை மலையாளம், நாகவல்லியாக மாறினதும் தமிழ். மலையாளம் மட்டும் தெரிந்தவருக்கு அந்தக் கணத்தில் பயம் வருவதற்குப் பாதிக் காரணம், பழகின வாயிலிருந்து பழகாத மொழி கிளம்பி வருவது. அந்த வீட்டில் அந்தப் பேயின் பேச்சைத் தாய்மொழியாகக் கேட்கிற ஒரே ஆள் நீங்கள். உங்களுக்கு அந்த இடத்தில் பயம் வந்ததா, இல்லை அவள் மேல் பாவம் வந்ததா? இதை அவர்கள் யாரிடமும் கேட்டிருக்க முடியாது. உங்களிடம்தான் கேட்க முடியும்.

இன்னொன்று. அந்தப் படத்தின் மாளிகைக் காட்சிகளில் ஒரு பகுதி பத்மநாபபுரம் அரண்மனையில் எடுத்தது. தக்கலையிலிருந்து நடந்தே போகலாம். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்த அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகக் கூட்டிப் போயிருப்பார்கள், வழுவழுவென்று கறுத்த தரையில் காலை வழுக்கவிட்டு டீச்சரிடம் திட்டும் வாங்கியிருப்பீர்கள்.

இதே கதை 2005இல் ‘சந்திரமுகி’யாகத் தமிழுக்கு வந்தபோது என்ன செய்தார்கள் பாருங்கள். பேய் தமிழ் பேசினால் நமக்கு எங்கே பயம் வரும்? ஆந்திரத்திலிருந்து வந்த தெலுங்கு நாட்டியக்காரி ஆக்கிவிட்டார்கள். ‘ரா ரா’ பாட்டுத் தெலுங்கில் இருப்பது அதனால்தான். மலையாளிக்குப் பேய் தமிழச்சி, தமிழனுக்குப் பேய் தெலுங்குக்காரி. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள்தான் எப்போதும் பேய்! பாறசாலையில் வாழ்க்கைப்பட்ட உங்களைவிட இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல யாருக்குத் தகுதி இருக்கிறது?

கேரளத்தில் யட்சியாகச் சொல்லப்படும் கள்ளியங்காட்டு நீலியும் அப்படித்தான். 2025இல் வந்த ‘லோகா’ படத்தின் நாயகி அந்த நீலியேதான். நீலி திரிந்ததாகச் சொல்லும் கள்ளியங்காடு நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, விம்மி விம்மி அழுது நியாயம் கேட்ட நீலி கதையை வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. நீலிக்கண்ணீர் என்று நாம் சொல்வது அந்த அழுகையைத்தான்.

இனி உங்கள் கணவர். அவர் தமிழ் வாசிக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் பாறசாலைக்காரருக்குத் தமிழ் கேட்டால் புரியாமல் இருக்காது, களியக்காவிளை சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் புத்தகத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள். வாசித்துக் காட்டுங்கள்.

ஓணம், கல்யாணம் என்று ஆள் கூடுகிற நாள் வேண்டாம். மழை பெய்து கரண்ட் போன ஒரு ராத்திரி போதும். அப்பா பைண்டு பண்ணின அந்தப் புத்தகத்தை எடுங்கள். பேயா, விஞ்ஞானமா என்று சுஜாதா கடைசி வரை இழுத்துக்கொண்டு போகிற கதை. அவர்கள் கொண்டாடுகிற மணிச்சித்திரத்தாழுக்குள்ளும் இதே கேள்விதான், அங்கே விஞ்ஞானத்துக்குப் பதில் மனநல மருத்துவர் இருக்கிறார். ஒரு வாரத்துப் பகுதியை மட்டும் வாசியுங்கள். பத்து நிமிஷம்கூட ஆகாது. தொடர்கதை எழுதினவர்கள் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து நிறுத்தினார்கள், நீங்களும் அங்கேயே நிறுத்துங்கள். ‘தொடரும்’ என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடி வையுங்கள். மறுநாள் நீங்களாக எடுக்கக் கூடாது. அவர் கேட்டால் எடுங்கள். கேட்கவில்லையா, விட்டுவிடுங்கள். ஒருவருக்குப் பிடிக்காமல் போவதால் அப்பாவின் பைண்டிங் பிரிந்துவிடாது.

வாசிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காதீர்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என் தங்கை பையன்கள் இருவரையும் உட்கார வைத்து ‘அந்த நாள்’ போட்டேன். 1954, வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கியது, தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம் என்றெல்லாம் முன்னுரை வேறு. படம் ஓடுகிறது, நான் படத்தைப் பார்க்காமல் அவன்களையே பார்க்கிறேன். “இப்ப பாரு, இப்ப பாரு” என்கிறேன். ரிமோட்டை அழுத்தி நிறுத்தி, “இவன் சொல்றதை நம்புறியா?” என்று கேட்கிறேன். அரை மணி நேரத்தில் பெரியவனுக்கு டியூஷன் ஞாபகம் வந்துவிட்டது. சின்னவன் பாத்ரூம் போனான், வரவேயில்லை. இரண்டு வருஷம் கழித்து பெரியவன் போனில் அதே படத்தைத் தனியாகப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். “சித்தி... இல்ல, பெரியம்மா, அது செம படம்” என்றான். பரபரப்பில் முறையே மாறிப்போயிற்று அவனுக்கு.

அவருக்குப் பிடித்ததையும் கேளுங்கள். ‘யவனிகா’ மாதிரி ஒரு படத்தை அவர் போடட்டும். 1982இல் கே.ஜி. ஜார்ஜ் எடுத்தது. ஒரு நாடகக் குழுவில் தபலா வாசிப்பவன் காணாமல் போகிறான், அவனைத் தேடிப் போலீஸ் வருகிறது, அவ்வளவுதான் கதை. அந்தக் காலத்து நாடகக் குழு வாழ்க்கை புரியாத இடத்தில் அவரிடமே விளக்கம் கேளுங்கள். அவருக்கும் சொல்லிக் காட்ட ஆசை இருக்குமில்லையா?

ரசனையை மாற்றிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மலையாள எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், பஷீரை அவர் மொழியிலேயே படிக்கலாம். அது கூடுதலாக வரட்டும். அதற்காகப் பெட்டி ஏன் காலியாக வேண்டும்?

அப்புறம், அந்தச் சிரிப்பு. சேட்டன் சிரித்ததை மறந்துவிடலாம். கணவர் சிரித்ததுதான் உங்களுக்கு வலித்திருக்கிறது, கடிதத்தில் அந்த ஒரு வரியில் பேனா அழுந்தியிருப்பது தெரிகிறது. புத்தகம், சினிமா எதையும் இதில் கலக்காமல் ஒரே ஒரு தடவை அவரிடம் சொல்லிவிடுங்கள். “அன்னைக்கு நீங்களும் சேர்ந்து சிரிச்சது எனக்கு வலிச்சுது.” அவ்வளவு போதும். கட்டிலுக்கடியில் இருக்கிற பெட்டியையும் வெளியே எடுத்துவிடுங்கள், கரையான் சாணித்தாளைத்தான் முதலில் தேடி வரும்.

அந்த விட்டுப்போன வாரத்துக்காகப் புதுப் புத்தகம் வாங்கிவிடாதீர்கள், இப்போதைக்கு. இத்தனை வருஷமாக அந்த இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களாக ஒன்றை நினைத்து வைத்திருப்பீர்கள். வாசித்துக்கொண்டே அந்தப் பக்கத்துக்கு வரும்போது, இங்கே ஒரு வாரம் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.