ஐம்பதுக்கு முந்தைய லிஸ் ஸ்மித்

வணக்கம்.

முதுமை பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி வந்தது. ‘லிஸ் ஸ்மித் என்ற பிரிட்டிஷ் நடிகை ஐம்பது வயதில்தான் நடிக்கவே வந்தார்’ என்று. அதை ஒரு தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். எனக்கு 48 வயது. மகள் கல்லூரிக்குப் போன பிறகு, இரண்டு வருடமாக ஒரு நாடகக் குழுவுக்குப் போய் வருகிறேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. ஆனால் ‘இந்த வயசுல இது எதுக்கு’ என்கிற பார்வை இருக்கிறது. அடுத்த மாதம் போடப்போகும் நாடகத்தில் எனக்குப் பாட்டி வேஷம். முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்தபடி, மொத்தம் பதினொரு வசனம். எனக்கு வருத்தமாக இருக்கிறது. அப்படி வருத்தப்படுவது பேராசையா? லிஸ் ஸ்மித் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத முடியுமா?

ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

பீரோவில் ஒட்டியிருக்கும் அந்த வரியை முதலில் எடுத்துவிடுங்கள். நான்தான் எழுதினேன், ஆனால் அது தவறு. பலரும் அவரைப் பற்றி அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று தோன்றியது. லிஸ் ஸ்மித் ஐம்பது வயதில் நடிக்க வரவில்லை. ஐம்பதை நெருங்கும்போதுதான் மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். அதற்கு முன்னால் பல வருட நடிப்பு இருக்கிறது. அந்த வருடங்களைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அவர் பிறந்தது 1921 டிசம்பர் 11, லிங்கன்ஷையரில் உள்ள ஸ்கன்தார்ப் என்ற இரும்பாலை ஊரில். இரண்டு வயதில் அம்மா பிரசவத்தில் இறந்துபோனார். கொஞ்ச வருடத்தில் அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு மகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். பாட்டிதான் வளர்த்தார். பிற்காலத்தில் திரையில் இத்தனை பாட்டிகளாக வாழ்ந்தவரை ஒரு பாட்டி வளர்த்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டாம் உலகப் போரில் கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்து இந்தியாவிலும் பணியாற்றினார். கணவர் ஜாக் தாமஸைச் சந்தித்தது இங்கேதான். 1945இல் திருமணம், ஒரு மகள், ஒரு மகன். 1959இல் விவாகரத்து.

இரண்டு குழந்தைகளோடு லண்டனில் தனியாக நின்ற அந்தப் பெண் என்ன செய்தார்? கிடைத்த வேலையெல்லாம் செய்தார். பிளாஸ்டிக் பை தயாரிக்கும் தொழிற்சாலையிலும் கடைகளிலும் நின்றார். பட்லின்ஸ் என்ற விடுமுறை முகாம்களில் நாடகக் குழுவோடு நடித்தார். அப்புறம், அமெரிக்காவிலிருந்து லண்டனுக்கு வந்திருந்த சார்ல்ஸ் மாரோவிட்ஸ் என்ற இயக்குநரின் குழுவில் சேர்ந்தார். அங்கே பயிற்சியே வேறு மாதிரி. எழுதிவைத்த வசனம் கிடையாது. ஒரு ஆளையும் ஒரு சூழ்நிலையையும் சொல்லிவிடுவார்கள். மற்றதை நடிப்பவரே அந்த நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டும். பகலில் பிழைப்புக்கு வேலை, அது முடிந்து இந்தப் பயிற்சி, வீட்டில் பிள்ளைகள். பெயர் இல்லை, பத்திரிகையில் ஒரு வரி இல்லை. நீங்கள் இப்போது இருக்கும் இடம் இதுதான், ச.

1970 கிறிஸ்துமஸ் சமயம். ரீஜன்ட் தெருவில் ஹாம்லீஸ் என்று ஒரு பெரிய பொம்மைக் கடை. அதில் லிஸ் ஸ்மித் விற்பனையாளராக நின்றுகொண்டிருக்கிறார், வயது 49. அப்போதுதான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. மைக் லீ என்ற இருபத்தேழு வயதுப் பையன் முதல் படம் எடுக்கப்போகிறான், ‘ப்ளீக் மொமண்ட்ஸ்’ என்று பெயர். ஒரு அம்மா பாத்திரத்துக்கு ஆள் வேண்டும். இந்தக் கதையை எல்லோரும் இந்த இடத்தில் முடித்து, அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடுகிறார்கள். அழைப்பு ஏன் அவருக்கு வந்தது என்று கேட்பதில்லை. மைக் லீயின் படங்களுக்கு முதலில் திரைக்கதை கிடையாது. நடிகர்களோடு வாரக்கணக்கில் உட்கார்ந்து, பாத்திரங்களை வளர்த்து, அதிலிருந்துதான் கதையை எடுப்பார். அவருக்குத் தேவைப்பட்டது எழுதிய வசனம் இல்லாமல் நடிக்கத் தெரிந்த நடுத்தர வயதுப் பெண். அந்தத் தலைமுறையில் அப்படிப் பழகியவர்கள் மிகக் குறைவு. மாரோவிட்ஸ் குழுவில் யாரும் பார்க்காமல் செலவழித்த மாலைகள்தான் அந்த அழைப்பை ஹாம்லீஸுக்குக் கொண்டுவந்தன.

உங்களுக்கு நேரம் கிடைத்தால் ஒரே ஒரு படம் பாருங்கள் என்பேன். 1973இல் மைக் லீ பிபிசிக்காக எடுத்த ‘ஹார்ட் லேபர்’. சால்ஃபோர்ட் நகரத்தில் வீட்டுவேலை செய்யும் தார்ன்லி அம்மாள் என்ற பெண்ணின் கதை. (பின்னாளில் காந்தியாக நடித்த பென் கிங்ஸ்லி இதில் டாக்ஸி ஓட்டுபவராக வருகிறார்.) தார்ன்லி அம்மாள் அதிகம் பேசுவதே இல்லை. வேலைக்குப் போன வீட்டில் துடைக்கிறார், தன் வீட்டுக்கு வந்து மறுபடியும் துடைக்கிறார். ஒரு காட்சியில் கணவரின் முதுகில் வலித்தைலம் தேய்த்துவிடுகிறார். அகலமான, ரோமம் அடர்ந்த முதுகு. அதில் அன்பும் தெரியவில்லை, அருவருப்பும் தெரியவில்லை. கைதான் வேலை செய்கிறது, முகம் எங்கேயோ இருக்கிறது. பல வருடம் ஒரே வேலையைச் செய்த கைகளுக்குத்தான் அந்த வேகம் வரும். பிறகு பாவமன்னிப்புக்காக தேவாலயத்துக்குப் போகிறார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களுக்கு உழைத்த அந்தப் பெண் பாதிரியாரிடம் சொல்லும் பாவம் என்ன தெரியுமா? தான் மனிதர்களைப் போதுமான அளவு நேசிக்கவில்லை என்பது. எனக்கு அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து நடக்க வேண்டியிருந்தது.

களைத்த பெண்களை அவர் நடிக்கும்போது பரிதாபம் கேட்பதில்லை. ‘என்னைப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம்’ என்று முகத்தில் ஒரு கோடுகூட இருக்காது. அந்தக் களைப்பை அவர் அறிந்திருந்தார், அதனால் காட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் வேலை வந்துகொண்டே இருந்தது. 1984இல் ‘எ பிரைவேட் ஃபங்ஷன்’. போருக்குப் பிந்தைய ரேஷன் காலம், யார்க்‌ஷையரில் ஒரு சிறு ஊர், சட்டவிரோதமாக வளர்க்கும் ஒரு பன்றி. அதைத் திருடி வந்த மகளும் மருமகனும் வீட்டில் கிசுகிசுவென்று பேசுவதை எல்லாம், தன்னைத் தீர்த்துக்கட்டத்தான் திட்டம் போடுகிறார்கள் என்று அந்த வீட்டுக் கிழவி எடுத்துக்கொள்கிறாள். அந்தக் கிழவிதான் லிஸ் ஸ்மித். மகளாக நடித்தவர் மேகி ஸ்மித். அவருக்குச் சிறந்த நடிகைக்கான பாஃப்டா விருதும், இவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான பாஃப்டா விருதும் அந்தப் படத்துக்காகக் கிடைத்தன. படத்தில் நாம் சிரிக்கிறோம். ஆனால் அந்த அம்மாளின் பயம் பொய்யில்லை. ஒரு வீட்டில் தான் வேண்டாத ஆளாகிவிட்டோமோ என்று சந்தேகப்படும் முதியவரின் பயம் அது. அதை முழுக்க நம்பி நடித்ததால்தான் சிரிப்பு வருகிறது.

‘தி விகார் ஆஃப் டிப்லி’ தொலைக்காட்சித் தொடரில் யாரும் வாயில் வைக்க முடியாத பலகாரங்களைச் செய்து ஊருக்கே கொடுக்கும் லெடீஷியா, ‘கிறிஸ்துமஸ் கேரல்’ கதையின் இரண்டு படமாக்கங்களில், 1984இலும் 1999இலும், அதே டில்பர் அம்மாள் என்று பட்டியல் நீளம். 2005இல் வந்த ‘சார்லி அண்ட் தி சாக்லேட் ஃபேக்டரி’யை உங்கள் மகள் பார்த்திருப்பாள். ஒரே கட்டிலில் நான்கு முதியவர்கள் படுத்திருப்பார்களே, அதில் ஜார்ஜினா பாட்டி இவர்தான். கட்டிலை விட்டு இறங்காத வேஷம் என்றால் அது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வருத்தப்படுவது பேராசை இல்லை. 48 வயதுப் பெண்ணுக்கு நாடகத்தில் பாட்டி வேஷம்தான் இருக்கிறது என்றால், அந்த நாடகங்களை எழுதுகிறவர்கள் நாற்பதைத் தாண்டிய பெண்களின் வாழ்க்கையைப் பற்றி யோசிப்பதே இல்லை என்று அர்த்தம். குறை அவர்களுடையது. லிஸ் ஸ்மித்துக்கும் அதுதான் நடந்தது. காதலியாகவோ நாயகியாகவோ நடிக்கக்கூடிய வயதிலெல்லாம் அவர் வேறு எங்கோ வயிற்றுப்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தார். திரைக்கு வந்தபோது கைக்குக் கிடைத்ததெல்லாம் அம்மாக்களும் பாட்டிகளும்தான்.

ஆனால் கிடைத்த கிழவிகளில் ஒருத்தியைக்கூட அவர் ‘பாட்டி’ என்று பொதுவாக நடிக்கவில்லை. 1998இல் தொடங்கிய ‘தி ராய்ல் ஃபேமிலி’ என்ற பிபிசி தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். மான்செஸ்டரில் ஒரு தொழிலாளர் குடும்பம், ஒரு கூடம், ஒரு சோபா, எந்நேரமும் ஓடும் டிவி. பின்னணியில் சிரிப்புச் சத்தம் கிடையாது. அதில் நானா, அதாவது பாட்டி, பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பார். ஆனால் அவருக்கு எப்போதும் ஏதாவது வேண்டும். டிவி சத்தத்துக்கு நடுவில் தன் பேச்சை யாராவது கேட்க வேண்டும், மகள் தன் பக்கம் திரும்ப வேண்டும், மருமகன் முணுமுணுப்பது காதில் விழுந்தும் விழாத மாதிரி இருந்து தன் காரியத்தைச் சாதிக்க வேண்டும். அந்தச் சின்னச் சின்ன ஆசைகளால்தான் அவர் உயிரோடு இருந்தார்.

2006இல் வந்த ‘தி குயின் ஆஃப் ஷீபா’ என்ற சிறப்புப் பகுதியில் அந்த நானா இறந்துபோகிறார். கூடத்திலேயே கட்டில் போட்டிருக்கிறார்கள். மகள் பார்பரா, நடித்தவர் சூ ஜான்ஸ்டன், அம்மாவின் தலைமுடியைச் சரிசெய்துவிடுகிறார். அவ்வளவுதான் காட்சி. இவ்வளவு வருடம் எரிச்சலும் கடமையுமாக ஓடிய உறவு முழுவதும் அந்த விரல்களில் வந்துவிடுகிறது. லிஸ் ஸ்மித் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. தலையைக் கொடுக்கிறார். யாரோ ஒருவர் நம் தலையைத் தொட்டுச் சீவிவிடும்போது முகம் எப்படித் தளருமோ அப்படித் தளர்கிறது. 2007இல் அவருக்குச் சிறந்த தொலைக்காட்சி நகைச்சுவை நடிகை விருது கிடைத்தது. அதற்குள் அவர் எண்பதைத் தாண்டி நெடுந்தூரம் வந்திருந்தார். 2009இல் ஓய்வு பெற்றார். 2016 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், 95 வயதில் காலமானார்.

உங்கள் பாட்டிக்குப் பதினொரு வசனம் என்று எழுதியிருக்கிறீர்கள். மேடையில் எத்தனை நிமிடம் இருக்கிறாள் என்று எழுதவில்லை. கட்டில் எந்தப் பக்கம் போட்டிருக்கிறது, அங்கிருந்து அவளுக்கு வாசல் தெரியுமா, சமையலறை தெரியுமா? மற்றவர்கள் பேசும்போது அவள் யாரைப் பார்க்கிறாள்? அன்றைக்கு அவளுக்கு என்ன வேண்டும்? ஒரு வாய் காபியாகக்கூட இருக்கலாம். இதையெல்லாம் இயக்குநரிடம் கேட்காதீர்கள், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். முடிவு செய்ததை எனக்கும் எழுதுங்கள். நாடகம் என்றைக்கு, எந்த அரங்கில் என்றும் எழுதுங்கள். கட்டில் போட்டிருக்கும் பக்கமாக ஒரு இருக்கை பிடித்துக்கொள்கிறேன்.

அன்புடன்.