இலையைத் திருப்பிப் பார்த்த பிறகே மருந்து: பயிர்ப் பாதுகாப்பு அலுவலரிடம் சில கேள்விகள்

இராமநாதபுரம் கடலோரத்தில் அரசுப் பயிர்ப் பாதுகாப்புப் பணியில் இருக்கும் பூச்சியியல்காரி என்ற முறையில், தொண்டி, மண்டபம், சாயல்குடிப் பக்கங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பயிரைப் பற்றிய கேள்விகளும் இந்த வேலையைப் பற்றிய கேள்விகளும் கலந்து வந்திருக்கின்றன. அவற்றை வந்தபடியே விட்டிருக்கிறேன்.

கேள்வி (தொண்டி, கல்லூரி மாணவி): மேடம், உங்களைப் போல் அரசு வேலையில் சேர என்ன படிக்க வேண்டும்? உண்மையில் அங்கே என்ன வேலை இருக்கும்?

மூன்று வழிகள் உண்டு. வேளாண்மையில் இளங்கலை முடித்து, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் மூலம் வேளாண்மை அலுவலர் ஆகலாம். பூச்சியியலிலோ பயிர் நோயியலிலோ முதுகலை முடித்தால், ஃபரிதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1946 முதல் இயங்கிவரும் மத்திய அரசின் பயிர்ப் பாதுகாப்பு, குவாரண்டைன் மற்றும் சேமிப்பு இயக்ககத்தில் சேரலாம். ஆராய்ச்சியில் நாட்டம் இருந்தால், முனைவர் பட்டம் வரை படித்து வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்திலோ விஞ்ஞானியாகலாம்.

வேலையின் பெரும்பகுதி நடப்பதும் குனிந்து பார்ப்பதும்தான். வயலில் மூலைக்கு மூலை நடந்து, ஆங்காங்கே நின்று செடிகளை எண்ணி, எத்தனை தூரில் சேதம், எத்தனை சிலந்தி, எத்தனை பொறிவண்டு என்று குறித்துக்கொள்ள வேண்டும். விளக்குப் பொறியில் இரவு விழுந்தவற்றைக் காலையில் வகை பிரிக்க வேண்டும். அதன் பிறகே அறிக்கை, கூட்டம், பூச்சிமருந்துக் கடை ஆய்வு, மாதிரி எடுப்பு எல்லாம் வரும். பூச்சியைக் கொல்வது இந்த வேலையின் கடைசிப் படி. அது என்ன பூச்சி, அது நம் பயிருக்கு உண்மையிலேயே நட்டம் தரும் அளவில் இருக்கிறதா என்று உறுதி செய்வதுதான் முதற்படி. அந்த முதற்படியில் பொறுமை உள்ளவர்களுக்கு இது மிக நல்ல வேலை என்று மனமாரச் சொல்கிறேன்.

கேள்வி (ஆர்.எஸ்.மங்கலம், மிளகாய் விவசாயி): அம்மா, முண்டு மிளகாய் போட்டிருக்கிறேன். இலையெல்லாம் சுருண்டு நிற்கிறது. கடையில் மூன்று மருந்தைக் கலந்து அடிக்கச் சொன்னார்கள். அடித்தும் நிற்கவில்லை. என்ன செய்வது?

ஐயா, மருந்துக்கு முன் ஒரு கேள்வி: இலை மேல்நோக்கிச் சுருள்கிறதா, கீழ்நோக்கிச் சுருள்கிறதா? நம் ஊரில் எல்லாவற்றையும் "சுருட்டை" என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். ஆனால் அதற்குள் குறைந்தது மூன்று தனித்தனித் தொல்லைகள் இருக்கின்றன.

இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடங்கித் தோணி வடிவில் நின்றால் அது இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளைக் கொழுந்தின் கீழே பிடித்து, விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில், ஊசி நுனி அளவில், விறுவிறுவென்று ஓடும் பூச்சிகள் தாளில் விழும். இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து, கரும்பச்சையாகித் தடித்து, காம்பு மட்டும் எலி வாலைப் போல நீண்டிருந்தால் அது மஞ்சள் சிலந்தி; வலை பின்னும் சிலந்தியன்று, இலையில் சாறு உறிஞ்சும் மிகச் சிறிய உயிர். அதைப் பார்க்கக் கைலென்சு வேண்டும். நடு நரம்பின் ஓரத்தில், வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகப் பதிந்த முட்டைகளைக் காணலாம். நரம்பு தடித்து, இலை சிறுத்து, செடியே குட்டையாகி நின்றால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோயாக இருக்கக்கூடும். அதற்கு எந்த மருந்தும் செடியைத் திருப்பித் தராது; அத்தகைய செடிகளைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அழிப்பதும் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதும்தான் வழி.

சிலந்தி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிக்கான மருந்து பெரும்பாலும் அதனிடம் பலிப்பதில்லை. அதற்குச் சிலந்திக்கொல்லி தனியே உண்டு. இன்னும் மோசமாக, செயற்கைப் பைரித்திராய்டு வகை மருந்துகளை மிளகாயில் திரும்பத் திரும்ப அடித்தால், சிலந்தியைத் தின்னும் நன்மை செய்யும் உயிரிகள் மடிந்து, சிலந்தி பல மடங்காகப் பெருகும். உங்கள் வயலில் மூன்று மருந்தின் கலவை பலிக்காமல் போனதற்கு இது காரணமாக இருக்கலாம். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயருக்கு மருந்தெச்சம் பெரும் கேடு. எந்த மருந்து அடித்தாலும், கடைசித் தெளிப்புக்கும் பழம் பறிப்புக்கும் இடையில் மருந்துப் பாட்டிலின் சீட்டில் குறித்துள்ள காத்திருப்பு நாள்களைக் கட்டாயம் விட்டுப் பறியுங்கள். வத்தலை வெறுந்தரையில் காயப்போடாமல் தார்ப்பாயில் பரப்புங்கள். ஈரம் தங்கினால் பூசணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு சேரும்.

கேள்வி (உச்சிப்புளி, தென்னந்தோப்பு உரிமையாளர்): ஓலையின் அடியில் வெள்ளை வெள்ளையாக அப்பியிருக்கிறது. மேல் பக்கம் கரி பூசியதுபோல் கறுத்துவிட்டது. ஆள் வைத்து மருந்தடிக்கலாமா?

வேண்டாம், ஐயா. நீங்கள் சொல்வது சுருள் வெள்ளை ஈ. 2016-இல் நம் நாட்டில் பொள்ளாச்சி வட்டாரத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அயல்நாட்டுப் பூச்சி இது. பெண் ஈ, ஓலையின் அடிப்பக்கத்தில் வட்டச் சுருளாக முட்டையிட்டு அதன்மேல் வெண்மெழுகைப் பூசும். பெயரும் அதனால் வந்ததே. அது கழிக்கும் தேன் போன்ற நீர் கீழ் ஓலைகளின் மேல் வழிந்து, அதில் கரும்பூசணம் வளர்கிறது.

ஓர் ஓலையை வெட்டி இறக்கி, அடிப்பக்கத்தை வெயிலில் லென்சு வைத்துப் பாருங்கள். ஈ தானாக வெளிவந்த கூட்டில் "டி" என்ற ஆங்கில எழுத்தைப் போன்ற பிளவு இருக்கும். சில கூடுகள் கறுத்து, துளைப்பான் வைத்துக் குடைந்தது போன்ற வட்டத் துளையோடு இருக்கும். அந்த வட்டத் துளை, என்கார்சியா என்னும் சின்னஞ்சிறு குளவி உள்ளிருந்து ஈயின் குஞ்சைத் தின்று தீர்த்து வெளியேறியதன் அடையாளம். அந்தக் குளவி உங்கள் தோப்பில் இருந்தால், உங்களுக்காக வேலை செய்ய ஒரு படையே வந்துவிட்டது என்று பொருள். மருந்து முதலில் கொல்வது அதைத்தான்.

செய்ய வேண்டியவை இவை: விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாள்களை ஆறடி உயரத்தில் கட்டுங்கள். விசைத்தெளிப்பானில் வெறும் தண்ணீரை ஓலையின் அடிப்பக்கம் படும்படி பீய்ச்சி அடியுங்கள். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா காய்ச்சிய கஞ்சியைத் தெளித்தால், காய்ந்த பிறகு பூசணம் செதில் செதிலாக உதிரும். வட்டத் துளை மிகுந்த ஓலைத் துண்டுகளை, குளவி இல்லாத மரங்களில் கட்டிவிடலாம். ஒரே மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று உறுதி கூற மாட்டேன். ஆனால் இந்த ஈயால் மட்டும் தென்னை பட்டுப்போவதில்லை. மரத்துக்கு உரமும் நீரும் குறையாமல் பார்த்துக்கொண்டால் தாக்குப்பிடிக்கும்.

கேள்வி (முதுகுளத்தூர்): விதைத்த நெல்லை மயில் பொறுக்கிவிடுகிறது. இதற்கும் நீங்கள்தானே பொறுப்பு?

இல்லை, ஐயா. மயில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. இழப்பை வனத்துறையிடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். மருந்து கலந்த தானியத்தை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். அது குற்றம், ஆட்டுக்கும் கோழிக்கும்கூட ஆபத்து.

கேள்வி (திருவாடானை, நெல் விவசாயி): நேரடி விதைப்பு நெல். நுனியெல்லாம் காய்கிறது. நோயா, உப்பா?

நம் கடலோரத்தில் இதைவிட முக்கியமான கேள்வி குறைவு. உப்பை நோயென்று எண்ணி மருந்து வாங்கிய குடும்பங்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். அந்தப் பணம் அவர்களுக்குத் திரும்பி வராமலே போய்விடுகிறது.

உப்பாக இருந்தால் வயல் திட்டுத் திட்டாகத் தெரியும். தண்ணீர் வடியாத தாழ்வான இடமும், மண்ணில் வெள்ளை பூத்த இடமும் முதலில் காயும். இலை நுனி வெளுத்துச் சுருங்கும், தூர் கட்டாது. பாக்டீரியா இலைக்கருகலாக இருந்தால், நுனியில் தொடங்கி இலையின் ஓரம் வழியாக அலை அலையாக மஞ்சள் கீழே இறங்கும். ஐயம் தீர ஒரு சோதனை செய்யலாம். கருகலும் பச்சையும் சேரும் இடத்தில் இலையைக் கத்தரித்து, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் ஊற்றி, வெட்டிய முனை நீரில் இருக்குமாறு பிடித்து, அசைக்காமல் சில நிமிடம் காத்திருங்கள். நோயாக இருந்தால் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற ஒரு மெல்லிய இழை நீருக்குள் இறங்கும். அது இலைக்குள் இருந்த பாக்டீரியாக் கூட்டம். உப்பினால் காய்ந்த இலையில் அப்படி எதுவும் வராது.

நோய் என்றால் தழைச்சத்தை நிறுத்துங்கள். 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலை வடிகட்டித் தெளிக்கலாம். நோய் கண்ட வயலின் நீரை அடுத்த வயலுக்கு விடாதீர்கள். உப்பு என்றால், மழைநீரைத் தேக்கி வடிப்பதே முதல் மருந்து. மண்ணின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்சைத் தாண்டினால் அது உவர்நிலம் என்று கொள்வோம். ஜிப்சம், சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கே உரியது. வெறும் உவருக்கு அதை இட்டால் பயனில்லை. ஆகவே மண்ணைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். இராமநாதபுரத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையமே இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

கேள்வி (இராமேசுவரம்): யாழ்ப்பாணத்து உறவினர்கள் மாங்கன்று தருகிறார்கள். வேரில் கொஞ்சம் மண்ணோடு கொண்டுவந்தால் என்ன தவறு?

தவறு பெரியது. 2003-ஆம் ஆண்டு தாவரக் குவாரண்டைன் ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டு அரசின் தாவர நலச் சான்றும் இல்லாமல் கன்று வரக்கூடாது. வேரோடு மண்ணும் வரக்கூடாது. இதன் காரணத்தை நம் கடற்கரையில் இருப்பவர்கள் எளிதில் உணரலாம். தென்னையில் காயைச் சுருக்கும் ஈரியோஃபைட் சிலந்தி 1997-இல் இலங்கையின் கற்பிட்டித் தீபகற்பத்தில் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே கேரளத்தின் எர்ணாகுளத்தில் தெரிந்தது. எந்த வழியாக வந்தது என்று நான் குற்றம் சுமத்தவில்லை. கண்ணுக்கே தெரியாத ஓர் உயிர் ஒரு காயின் தொட்டுக்குள் (காம்பை ஒட்டிய தொப்பிக்குள்) ஒளிந்தே கடல் கடக்க முடியும் என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன மக்களை மண்டபம் முகாமில் நிறுத்தி நோய் பார்த்து அனுப்பினார்கள். செடிக்கும் அத்தகைய காவல் தேவைதான்.

கேள்வி (சாயல்குடி, பனைத் தொழிலாளியின் மகள்): பனங்குருத்தைக் காண்டாமிருக வண்டு துளைக்கிறது. அப்பா பதநீர் இறக்குபவர். மருந்து வைக்கலாமா?

பதநீர் இறக்கும் மரத்தில் இரசாயனமே கூடாது, அம்மா. அது குடிக்கும் பொருள். ஓலை விரியும்போது விசிறியைக் கத்தரித்ததுபோல் வெட்டுத் தெரிந்தால், குருத்தின் துளையில் கொக்கி வைத்த கம்பியை விட்டு வண்டை இழுத்தெடுக்கச் சொல்லுங்கள். வண்டு பிறக்கும் இடம் மரமன்று, எருக்குழியும் மக்கும் மரத்தண்டும். எருவைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி, புழுக்களைக் கொல்லும் மெட்டாரைசியம் பூசணத்தைக் கலந்துவிடுங்கள். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் நீரில் ஊறவைத்துப் பானையில் வைத்தால், வண்டுகள் அதில் வந்து விழும். விழுந்து கிடக்கும் பட்ட மரங்களை ஊரே சேர்ந்து அகற்றினால்தான் பலன் நிலைக்கும்.

கேள்வி (இராமநாதபுரம், பூச்சிமருந்துக் கடைக்காரர்): மேடம், நீங்கள் எல்லோரிடமும் "அடிக்காதே" என்கிறீர்கள். மகசூல் போனால் யார் பதில் சொல்வது?

நியாயமான கேள்வி. எல்லோரிடமும் அப்படிச் சொல்வதில்லை, ஐயா. நெல்லில் குருத்துப்பூச்சியால் நடுக்குருத்து காய்ந்த தூர்கள் 10 சதவீதத்தையோ, வெண்கதிர் 2 சதவீதத்தையோ எட்டினால், மருந்தடியுங்கள் என்று நானே எழுதிக் கொடுக்கிறேன். அந்த எல்லைக்குக் கீழே இருக்கும்போது மருந்தின் விலை, பூச்சி தின்னும் நெல்லின் விலையைவிட அதிகம். எல்லைக்கு முன்பே அடிப்பதால், நெல் தூரில் சாறு உறிஞ்சும் புகையான் போன்ற பூச்சிகள் மீண்டும் பெருகி வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பொறுமைக்குப் பலன் உண்டு என்பதற்குப் பப்பாளி மாவுப்பூச்சியே சாட்சி. 2008-இல் கோயம்புத்தூரில் தெரிந்த அந்தப் பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெள்ளையாக மூடியது. எத்தனையோ மருந்துகள் அடித்தும் அது அடங்கவில்லை. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த அசெரோபேகஸ் என்னும் ஒட்டுண்ணிக் குளவியை வயல்களில் விட்டபின் அது ஒடுங்கியது.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. விவசாயி முதலில் வருவது என்னிடமன்று, உங்களிடம். பாட்டிலை எடுக்கும் முன் "இலையைக் கொண்டுவந்தீர்களா?" என்று கேளுங்கள். பாட்டில் சீட்டில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைக் காட்டி, சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அதற்கடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று விளக்குங்கள். கச்சான் என்னும் மேல்காற்று வீசும் நேரத்தில் தெளிக்க வேண்டாம் என்றும், முகத்தையும் கையையும் மூடிக்கொள்ளச் சொல்லியும் அனுப்புங்கள். உங்கள் ஒரு சொல் என் பத்துக் கூட்டங்களுக்குச் சமம்.

கேள்வி (தங்கச்சிமடம், மீனவர் வீட்டு இளைஞர்): எங்களுக்கு நிலமே இல்லை. இந்தப் படிப்பு எனக்குச் சரிவருமா?

தாராளமாகச் சரிவரும், தம்பி. காற்றின் திசையை வைத்து நாளைத் திட்டமிடும் வீட்டில் வளர்ந்திருக்கிறீர்கள். புகையான் போன்ற சிறு பூச்சிகள் காற்றோடு நெடுந்தூரம் போகின்றன. வாடையும் கொண்டலும் எப்போது மாறும் என்று அறிந்தவருக்கு அந்தப் பாடம் விரைவில் பிடிபடும். பயிர்களின் பெயரைப் படித்துக்கொள்ளலாம்.

கேள்வி (கீழக்கரை, வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்): மாதிரியை எப்படிக் கொண்டுவர வேண்டும்?

முழுதும் காய்ந்த இலை வேண்டாம். நோய் தொடங்கும் நிலையிலும் நடுநிலையிலும் உள்ள இலைகளும், ஒப்பிட ஒரு நல்ல இலையும் வேண்டும். ஈரத்தோடு நெகிழிப் பையில் அடைத்தால் வழியிலேயே அழுகிவிடும், செய்தித்தாளில் சுற்றுங்கள். வாடல் என்றால் செடியை வேரோடும் சிறிது மண்ணோடும் தோண்டுங்கள். பூச்சியை உயிரோடு ஒரு மூடிய டப்பாவில், அது தின்ற இலையுடன் போடுங்கள். தாளின் மேல் பயிர், விதைத்த தேதி, பாய்ச்சும் நீர், கடைசியாக அடித்த மருந்து ஆகியவற்றை எழுதுங்கள். அடித்த மருந்தை மறைக்காமல் எழுதுங்கள். அதற்காக யாரும் கடிந்துகொள்ள மாட்டோம். காலையில் எடுத்து அன்றே உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுத்துவிடுங்கள்.