ஓர் ஊரின் அஞ்சல் ஊழியர் சங்கத்துக்குத் தனியாக வரலாறு இருக்குமா? எல்லாம் டெல்லியில் நடந்ததுதானே?

கேட்டவர் புதிதாக அஞ்சல் துறையில் சேர்ந்தவர் போலத் தெரிகிறது. சங்கத்தில் சேரச் சொல்லிப் படிவம் நீட்டியிருப்பார்கள், சந்தேகம் வந்திருக்கும். நல்ல சந்தேகம்தான்.

தமிழ்நாட்டில் ஒரு தலைமை அஞ்சலகத்தில் எழுத்தராக இருந்து 2019-ல் ஓய்வு பெற்றேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து, 'அது அப்படி இல்லை' என்று சண்டை பிடிப்பார்கள். எங்கள் கிளையில் ஆறு வருடம் பொருளாளர், நான்கு வருடம் செயலாளர். அந்த வகையில் சங்கத்தின் பழைய மினிட் புத்தகங்கள் ஒரு தகரப் பெட்டியோடு என்னிடம் வந்து சேர்ந்தன. நான் சொல்லப்போவது பெரும்பாலும் அந்தப் பெட்டியில் இருப்பது. பெட்டியில் இல்லாத இரண்டு விஷயங்களும் உண்டு.

எங்களிடம் உள்ள முதல் நோட்டு 1955-ன் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. ஏன் அந்த வருடம் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. 1954 நவம்பரில்தான் அதுவரை சிதறிக் கிடந்த சங்கங்களை எல்லாம் அடுக்கி, தேசிய தபால் தந்தி ஊழியர் சம்மேளனம் என்ற ஒரே குடையின் கீழ் ஒன்பது சங்கங்களாக்கினார்கள். அஞ்சல் எழுத்தர்களுக்கு பி3. தபால்காரர்களுக்கும் நான்காம் பிரிவினருக்கும் பி4. ரயிலில் தபால் பிரிக்கும் ஆர்எம்எஸ்காரர்களுக்கு ஆர்3, ஆர்4. தந்திக்கு ஒரு ஜோடி, தொலைபேசிப் பொறியியல் பக்கத்துக்கு ஒரு ஜோடி, நிர்வாக அலுவலகத்துக்கு ஒன்று. இன்றும் பழைய ஆட்கள் 'அவர் பி4 ஆள்' என்றுதான் பேசுவார்கள். ஒரே கட்டடம், ஒரே சைக்கிள் ஸ்டாண்டு, ஆனால் மூன்று நான்கு சங்கம், தனித்தனி ரசீதுப் புத்தகம், தனித்தனிக் கோபம்.

ஒற்றுமைக்காகச் செய்த ஏற்பாட்டிலேயே இந்தப் பிரிவினையும் உட்கார்ந்திருந்தது என்பது என் கருத்து. எழுத்தன் சங்கம் வேறு, தபால்காரன் சங்கம் வேறு. இது எங்கள் ஊரில் என்ன செய்தது என்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை.

பெட்டியில் இல்லாத முதல் விஷயம் இது: 1955-க்கு முன்னால் நோட்டு இல்லை. அகில இந்திய அளவில் நடந்தவை ஓரளவுக்கு எல்லோருக்கும் தெரிந்தவை. 1908-ல் தந்தி ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். 1920களின் தொடக்கத்தில் சங்கத் தலைவர் தாராபத முகர்ஜி சங்க மேடையில் பேசியதற்காக வேலையை இழந்தார். அப்புறம் 1946. அந்த வருடம் பிப்ரவரியில் கடற்படையினர் கலகம், ஜூலை 11 முதல் அஞ்சல் வேலைநிறுத்தம். ஜூலை 29 அன்று அதற்கு ஆதரவாகக் கல்கத்தா நகரமே நின்றுபோனது. 1947-ல், சுதந்திரத்துக்குச் சற்று முன்பு, முதல் சம்பளக் கமிஷன் கடைநிலை ஊழியருக்கு அடிப்படை 30 ரூபாயும் பஞ்சப்படி 25 ரூபாயும் என்று தீர்மானித்ததை அந்தப் போராட்டத்தோடு சேர்த்துத்தான் எங்கள் ஆட்கள் பேசுவார்கள்.

நான் சேர்ந்த புதிதில் கிளைக் கூட்டங்களில் '1946-ல் நாம் நடத்திய போராட்டம்' என்று அடிக்கடி சொல்வார்கள். ஒருமுறை ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் பென்ஷன் வாங்க வந்திருந்தார். 46-ல் வேலையில் இருந்தவர். நான் ஆர்வமாக அதைக் கேட்டதும் சிரித்தார். "தம்பி, ஆரம்பிச்சது தபால்காரனும் அவனுக்குக் கீழே இருந்தவனும். நாங்க வெளியே இறங்கினோம். உங்க கிளார்க்குமார் முதல்ல சன்னல்ல நின்னு பார்த்தாங்க. அப்புறம்தான் வந்தாங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். நோட்டீஸ் கொடுத்து முதலில் இறங்கியது தபால்காரர்கள், கீழ்நிலை ஊழியர்கள் சங்கம். எழுத்தர்கள் பல இடங்களில் பிறகே சேர்ந்தார்கள். 'நாம்' என்ற சொல்லை எங்கள் ஆட்கள் கொஞ்சம் தாராளமாகப் பயன்படுத்தியிருந்தார்கள்.

சரி, நோட்டுக்கு வருவோம். 1960 ஜூலை முதல் வாரத்தில் ஒரு கூட்டக் குறிப்பு, நல்ல கையெழுத்து, 23 பேர் கையொப்பம். அதற்குப் பிறகு பல மாதங்கள் ஒன்றுமே இல்லை. ஜூலை 11 நள்ளிரவில் தொடங்கி 5 நாள் மத்திய அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கையின் அடித்தளம் 1957-ல் 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஏற்றுக்கொண்ட கணக்கு. ஒரு குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகு, ஆளுக்கு இத்தனை கலோரி, நான்கு பேர் குடும்பத்துக்கு வருடத்துக்கு 72 கெஜம் துணி என்று தேவையைக் கூட்டிக் குறைந்தபட்சக் கூலி போடும் முறை. அரசு உட்கார்ந்து ஒத்துக்கொண்ட கணக்கைத் தன் சொந்த ஊழியருக்குப் போடவில்லை. இரண்டாவது சம்பளக் கமிஷன் 80 ரூபாயில் நிறுத்திவிட்டது. அவசரச் சட்டம், கைது, கடைசியில் சங்க அங்கீகாரம் ரத்து.

அங்கீகாரம் போவது என்றால் என்ன என்று உங்கள் தலைமுறைக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஏப்ரலில்கூட விவசாயிகள் போராட்டத்துக்கு நிதி கொடுத்த விவகாரத்தில் இதே ஆயுதத்தை எடுத்தார்கள். ஓர் ஊர்க் கிளைக்கு அதன் பொருள் ரொம்பச் சின்னது, ஆனால் வலிக்கும். அறிவிப்புப் பலகை போய்விடும். கூட்டம் போட அறை கிடையாது. அதிகாரியிடம் செயலாளர் கொடுக்கும் கடிதம் வெறும் தனி மனிதனின் கடிதமாகிவிடும். 1960-ன் அந்த வெற்றுப் பக்கங்களுக்கு வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பக்கம் 1968-ல் இருக்கிறது. செப்டம்பர் 19, ஒரே நாள் வேலைநிறுத்தம், அதே தேவை அடிப்படையிலான குறைந்தபட்சக் கூலிக்காக. ஒரு நாள்தான், ஆனால் விலை அதிகம். வடக்கே துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நிரந்தரம் ஆகாதவர்களைத் தற்காலிக ஊழியர் விதிகளின் 5-வது விதியைக் காட்டி, காரணம்கூடச் சொல்லாமல் வெளியே அனுப்பினார்கள். எங்கள் அலுவலகத்தில் அப்படி இரண்டு இளம் எழுத்தர்கள் போனார்கள். அந்த இரண்டு குடும்பங்களுக்காக வசூலித்த பணத்தின் கணக்கு நோட்டில் இருக்கிறது. கொடுத்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. '3-வது பீட் – ரூ.1', '7-வது பீட் – ரூ.2', 'பார்சல் – 50 பைசா' என்றே போகிறது. பெயர் எழுதினால் நோட்டு யார் கையிலாவது சிக்கி, கொடுத்தவனுக்கும் ஓலை வரும் என்ற பயம். பீட் என்பது ஒரு தபால்காரர் தபால் கொடுக்கும் பகுதி. அந்த நம்பரைப் பார்த்தாலே தெரியும், கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் தபால்காரர்கள். எழுத்தர் வீட்டு அடுப்பு எரியத் தபால்காரர்கள் கொடுத்திருக்கிறார்கள். இது எந்த சம்மேளன வரலாற்றிலும் வராது. அந்தப் பக்கத்தை நான் புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

நான் 1982-ல் வந்தேன், ஆர்டிபி ஆளாக. பயிற்சி முடித்துவிட்டுக் காத்திருக்கும் பட்டியல் அது. ஆள் குறையும்போது கூப்பிட்டு, மணிக்கணக்கில் கூலி கொடுத்து வேலை வாங்குவார்கள். அதே கவுண்டர், அதே மணியார்டர், பக்கத்தில் இருப்பவருக்கு மாதச் சம்பளம், எனக்கு மணிக்கு இவ்வளவு. அந்தக் காலம் பென்ஷனுக்குக் கணக்கில் வரவில்லை, இன்றுவரை. எங்கள் கிளையில் அப்போது ஆர்டிபி ஆட்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. கூட்டம் நடக்கும், நாங்கள் வெளியே டீ குடித்துக்கொண்டிருப்போம். நிரந்தரமானதும் நானும் உள்ளே போய் உட்கார்ந்து, வெளியே இருப்பவர்களைப் பற்றி அதிகம் யோசிக்காத ஆளாகிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1985 ஜனவரியில் தபாலும் தந்தியும் தனித்தனித் துறை ஆயின. அடுத்த வருடம் சம்மேளனமும் பிரிந்தது. எங்களுக்கு அது அன்றைக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தொலைபேசிக்காரர்கள் பின்பக்கக் கட்டடத்தில் இருந்தார்கள், சங்க நாற்காலிகளில் பாதியை எடுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். பிறகுதான் தெரிந்தது, வேலைநிறுத்தம் என்றால் ஊரே உணரும்படி செய்தது அவர்கள் கை என்று.

அடுத்தது சந்தா. பழைய நாளில் சம்பளப் பட்டுவாடா அன்று மூலையில் ஒரு மேசை போட்டு, பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்காருவார். சந்தா தராதவன்கூட அந்த மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது நான்கு வார்த்தை திட்டுவான். "என் இடமாறுதல் மனு என்னாச்சு, பதில் சொல்லிட்டு அப்புறம் காசு கேளு." 1993-ல் அங்கீகார விதிகள் வந்தன. அந்தப் பிரிவு ஊழியரில் 35 சதவீதம் பேராவது இருந்தால்தான் அங்கீகாரம், அடுத்த சங்கத்துக்கு 15 சதவீதம், சந்தா சம்பளத்திலேயே பிடித்தம். சங்கத்துக்கு நிம்மதி, கணக்கு சுத்தம். ஆனால் அந்த மேசை போய்விட்டது. உறுப்பினர் எண்ணிக்கை சரிபார்ப்பு நடக்கும் வருடத்தில் மட்டும் எல்லோருக்கும் எல்லோர் மேலும் பாசம் பொங்கும். நீங்கள் கையில் வாங்கிய படிவம் அந்தப் பாசத்தின் பகுதி என்றால் தப்பாக நினைக்காதீர்கள், சேருங்கள். ஆனால் சேர்ந்த பிறகு திட்டவும் செய்யுங்கள்.

இப்போது பெட்டியில் இல்லாத இரண்டாவது விஷயம். 1955 முதல் எழுபதுகள் முடியும் வரை எங்கள் நோட்டுகளில் கிராமத்துக் கிளை அஞ்சலக ஆட்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்போது இ.டி. (துறைக்குப் புறம்பான) ஊழியர் என்பார்கள், பிறகு ஜிடிஎஸ், அதாவது கிராமின் டாக் சேவக். நாட்டின் ஒன்றரை லட்சம் அஞ்சலகங்களில் பெரும்பகுதியை நடத்துபவர்கள் அவர்கள். நாளுக்குச் சில மணி நேர வேலை, வாழ வேறு வருமானம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை, வழக்கமான பென்ஷன் இல்லை. 1977-ல் ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், அவர்கள் வகிப்பது அரசுப் பதவிதான், ஆனால் வழக்கமான அரசுப் பணி வரிசைக்கு வெளியே உள்ள பதவி என்றது. உள்ளே, ஆனால் வெளியே. காரணம் சொல்லாமல் நீக்க முடியாது என்ற பாதுகாப்பு அதனால் கிடைத்தது, உண்மை. சம்பளம் அப்படியேதான் இருந்தது.

2000 டிசம்பரில் நாங்களும் அவர்களும் சேர்ந்து இறங்கினோம். நீதிபதி தல்வார் குழு இ.டி. ஊழியருக்குப் பரிந்துரைத்ததை நிறைவேற்றக் கேட்டு, ஏறக்குறைய இரண்டு வாரம். கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டைக் காலம் அது. திரும்பி வந்தபோது சார்ட்டிங் அறையில் சாக்குகள் சன்னல் உயரத்துக்கு இருந்தன. பிரித்து முடிப்பதற்குள் பொங்கல் வாழ்த்தும் வந்து சேர்ந்துவிட்டது. எங்களுக்கு இழப்பு அந்த நாட்களின் சம்பளம். அவர்கள் கேட்ட பென்ஷன் கிடைக்கவில்லை. என் பார்வையில் எங்கள் கிளை தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்ட வருடம் அதுதான்.

2018-ல், ஜிடிஎஸ் ஊழியர் சம்பளம் பற்றிய கமலேஷ் சந்திரா குழு அறிக்கை ஒன்றரை வருடம் தூங்கிய பிறகு, மே 22 முதல் ஜிடிஎஸ் ஊழியர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 16 நாள். ஜூன் 6 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கிளை அஞ்சலக அதிகாரிக்கு நாளுக்கு 4 மணி நேர வேலைக்குக் குறைந்தபட்சம் மாதம் 12,000 ரூபாய், 5 மணி நேரத்துக்கு 14,500. மற்றவர்களுக்கு 10,000, 12,000. பயனடைந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல்.

அந்த 16 நாளும் எங்கள் அலுவலக வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் ஒரு நாள் மதியம் வாயிற்கூட்டம் போட்டு ஆதரவு முழக்கம் எழுப்பினோம். பிறகு கவுண்டர் திறந்தோம். எனக்கு ஓய்வுக்கு ஒரு வருடம்தான் பாக்கி, டைஸ்நான் (பணிக்காலத்தில் சேராத நாள்) விழுந்தால் பென்ஷன் கணக்கில் சிக்கல் வரும் என்று யாரோ சொன்னார்கள், நானும் நம்ப விரும்பினேன். ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, என் கோட்டத்துக் கிளை அஞ்சலகத்துக்காரர் ஒருவர், முப்பது வருடப் பழக்கம், தண்ணீர் பிடிக்க உள்ளே வந்தார். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "பரவாயில்ல சார், நீங்க உள்ளே இருங்க. எங்களுக்கு இது பழக்கம்தான்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவர் பந்தலுக்குள் போய் உட்காரும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் கவனித்தேன், நான் நின்றது சன்னல் பக்கம்.