வீடியோ போக்கரும் போக்கரும் ஒன்றுதானா?

இல்லை. போக்கர் என்ற சீட்டாட்டத்தில் எதிரே ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் பணம் உங்களுக்கு வரும், உங்கள் பணம் அவர்களுக்குப் போகும். நடத்தும் தளம் நடுவில் கமிஷன் எடுத்துக்கொள்ளும். திரையில் இயந்திரத்தோடு ஆடும் வீடியோ போக்கரில் எதிராளியே கிடையாது. 5 சீட்டு வரும், வேண்டாததை ஒருமுறை மாற்றலாம், கடைசியில் கையில் நிற்பதற்குத் திரையிலுள்ள பட்டியல்படி பணம். முகத்தை இறுக்கிக்கொண்டு ஏமாற்றும் வித்தையெல்லாம் இங்கே செல்லாது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான். 'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' (குறைந்தது ஒரு ஜோடி ஜாக் இருந்தால்தான் பணம் தரும் வகை) ஆட்டத்தில் ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே மதிப்பில் மூன்று, இன்னொரு மதிப்பில் இரண்டு) 9 மடங்கு, ஃபிளஷுக்கு (ஐந்தும் ஒரே இனம்) 6 மடங்கு என்று இருந்தால், பிசகாமல் ஆடுபவருக்கு நீண்ட ஓட்டத்தில் 100 டாலருக்குச் சுமார் 99.54 திரும்பும். அதையே 8, 5 என்று குறைத்துவிட்டால் 97.3தான். டீக்கடையில் அடி கனமான கிளாஸ் மாதிரி: வெளியே அதே உயரம், உள்ளே டீ குறைவு. அவசரத்தில் யாரும் கவனிப்பதில்லை. 99.54 என்றாலும் நஷ்டக் கணக்குதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ரொம்ப நேரமாக ராயல் ஃபிளஷ் (ஒரே இனத்தில் 10, ஜாக், ராணி, ராஜா, ஏஸ்) வரவில்லை, இனி வந்தே தீரும்" என்று பலர் நம்புவது தவறு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டு புதிதாகக் கலைக்கப்படுவதால், ஏறத்தாழ 40,000-இல் ஒன்று என்ற வாய்ப்பு அடுத்த ஆட்டத்திலும் மாறுவதில்லை.