புத்தாண்டும் ஓட்டமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உடலுழைப்பைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு வயது 43. நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. மூன்று ஆண்டுகளாக ஒரே கதைதான் நடக்கிறது. ஜனவரி முதல் தேதி ஓடத் தொடங்குவேன். முதல் வாரம் மூச்சு வாங்கும். மூன்றாவது வாரத்தில் உற்சாகம் பொங்கும். தினமும் ஓடுவேன், தூரத்தையும் கூட்டுவேன். பிப்ரவரி பாதியில் முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டி வலி வந்துவிடும். ஓய்வெடுப்பேன். அந்த ஓய்வு அப்படியே டிசம்பர் வரை நீண்டுவிடும்.

இந்த ஆண்டு ஓட்டத்தோடு நீச்சல், சைக்கிள், வார இறுதியில் மலையேற்றம், நண்பர்களுடன் பாட்மின்டன் என்று எல்லாவற்றையும் செய்ய ஆசை. பட்டியலே போட்டு வைத்திருக்கிறேன். ஆண்டு முடிவதற்குள் ஒரு மாரத்தான் ஓடிவிட வேண்டும் என்பதும் அதில் உண்டு. எனக்கு மன உறுதி போதவில்லையா? ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டுமா? இந்த வயதில் இதெல்லாம் தேவைதானா என்றும் சில நேரம் தோன்றுகிறது.

அன்புடன்,
ர.

*

அன்புள்ள ர.,

மன உறுதி இல்லாதவர் மூன்று முறை விட்டதை நான்காவது முறையும் தொடங்க நினைக்க மாட்டார். அதனால் அந்தக் கேள்வியை முதலில் ஒதுக்கிவைத்துவிடலாம். உங்களை ஒவ்வோர் ஆண்டும் நிறுத்துவது உங்கள் முன்காலெலும்பு. அது சரியாக பிப்ரவரி பாதியில் வலிப்பதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது.

ஓடத் தொடங்கியதும் உடலில் எல்லாமே ஒரே வேகத்தில் தேறுவதில்லை. முதலில் தேறுவது ரத்தம். ஓரிரு வாரங்களிலேயே ரத்தத்தின் நீர்மப் பகுதியான பிளாஸ்மா கூடிவிடுகிறது. இதயம் ஒரு துடிப்பில் முன்பைவிட அதிக ரத்தத்தை அனுப்புகிறது. முதல் வாரத்தில் மூச்சு வாங்கவைத்த தூரம் மூன்றாவது வாரத்தில் எளிதாவது இதனால்தான். தசைகள் அதற்கு அடுத்து வருகின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் நாண்கள் இன்னும் பின்னால். எலும்பு எல்லாவற்றுக்கும் கடைசி.

எலும்பு வலுப்பெறும் முறையைப் பலரும் தவறாக நினைத்திருக்கிறார்கள். சுமை ஏற ஏற அது உடனே தடித்துவிடுவதில்லை. புதிய சுமை வந்ததும் உடல் முதலில் பழைய எலும்பைச் சிறிது சிறிதாக அரித்து எடுக்கிறது. அதற்கென்றே தனி உயிரணுக்கள் இருக்கின்றன. அரித்து முடித்த இடத்தில் வேறு வகை உயிரணுக்கள் வந்து புதிய எலும்பை இடுகின்றன. அதில் தாதுக்கள் ஏறிக் கெட்டிப்பட மூன்று நான்கு மாதங்கள் ஆகின்றன. ஆகவே தொடங்கிய ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் அந்த எலும்பு ஜனவரி முதல் தேதி இருந்ததைவிடச் சற்று பலவீனமாகவே இருக்கலாம். பழைய ஓடுகளைப் பிரித்துவிட்டுப் புதுக்கூரை போடுவதற்குள் மழை பிடித்துக்கொண்ட வீட்டின் நிலைதான் அதற்கு. உங்கள் மூச்சோ அப்போதுதான் மிக நன்றாக இருக்கிறது. நீங்கள் மூச்சின் பேச்சைக் கேட்டுத் தூரத்தைக் கூட்டுகிறீர்கள். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இது புதிய செய்தியே அல்ல. 1855இல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நீண்ட அணிவகுப்புக்குப் பிறகு படைவீரர்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது எலும்பில் விழுந்த நுண்ணிய விரிசல் என்று தெரிந்தது. பயிற்சியும் கட்டுப்பாடும் உள்ள இளம் வீரர்களுக்கே நேர்ந்தது இது. உங்களுக்கு நேர்ந்ததில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த ஆண்டு ஓட்டத்தை எலும்பின் வேகத்துக்குத் திட்டமிடுங்கள், மூச்சின் வேகத்துக்கு அல்ல. முதல் மூன்று மாதங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு மூன்று முறை மட்டும். தொடக்கத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை, இப்படி மாறி மாறி இருபது நிமிடம். 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் ஓட்டமே அறியாதவர்களுக்காக வகுத்த ஒன்பது வாரத் திட்டம் இப்படித்தான் தொடங்குகிறது. 5 கிலோமீட்டரில் முடிகிறது. நீங்கள் அதை ஒன்பது வாரத்தில் முடிக்க வேண்டாம். ஒவ்வொரு வாரத்தையும் இரண்டு முறை செய்யுங்கள். மூன்றாவது வாரத்தில் "இது போதாது, என்னால் இன்னும் முடியும்" என்று தோன்றும். முடியும்தான். அந்த நேரத்தில் கூட்டாமல் இருப்பதுதான் இந்த ஆண்டு உங்களிடம் நான் கேட்கும் ஒரே கடினமான காரியம்.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? ஓடிக்கொண்டே உங்கள் வீட்டு முகவரியை முழுவதுமாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சுக்காக நிற்க வேண்டியிருந்தால் வேகம் அதிகம். வேகமாக நடக்கும் ஒருவர் உங்களைத் தாண்டிப் போகும் அளவுக்கு மெதுவாக ஓடினாலும் தவறில்லை. முதல் சில நிமிடங்கள் கால் கனக்கும், திரும்பிப் போய்விடலாம் என்று இருக்கும். பிறகு மூச்சு தானாகவே காலடியோடு சேர்ந்துகொள்ளும். மூன்று அடிக்கு உள்ளே, மூன்று அடிக்கு வெளியே. காதருகே ஏறியிருந்த தோள்கள் இறங்கும். மடங்கியிருந்த விரல்கள் தளரும். பாதம் தரையில் அறையும் ஓசை அடங்கிவிடும். ஓட்டத்தின் இன்பம் என்று நான் சொல்வது இதைத்தான். இந்த இடத்தை ஒரு முறை தொட்டவர்களுக்கு மறுநாள் ஓட வேறு தூண்டுதல் தேவைப்படுவதில்லை. மூச்சிரைக்க ஓடுகிறவர்கள் பலர் இதைக் காணாமலே விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

வயதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1962இன் இறுதியில் அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழகத் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மன் நியூசிலாந்துக்குப் போனார். ஒலிம்பிக் வீரர்களை உருவாக்கிய ஆர்தர் லிடியார்ட் அங்கே சாதாரண மக்களையும் மெல்லோட்டத்துக்குப் பழக்கியிருந்தார். இதய நோயிலிருந்து மீண்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். பவர்மனுக்கு அப்போது 51 வயது. தடகளத்திலேயே வாழ்ந்த அவரால் அந்தக் குழுவுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. எழுபதைத் தாண்டிய, மாரடைப்புகளைக் கண்டு மீண்ட ஒருவர் தம் வேகத்தைக் குறைத்து, பேச்சுக் கொடுத்தபடியே அவருக்குத் துணையாக ஓடினார். ஊர் திரும்பிய பவர்மன் பொதுமக்களுக்கு மெல்லோட்ட வகுப்புகள் தொடங்கினார். அமெரிக்காவில் ஜாகிங் பரவியதில் அந்த ஓட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 43 வயதில் தேவையா என்று கேட்கிறீர்கள். 43க்குப் பிறகுதான் கூடுதலாகத் தேவை. தசையும் எலும்பும் தாமாகவே கரையத் தொடங்கும் காலம் அது. பயன்படுத்துகிறவர்களுக்கு அந்தக் கரைவு மெதுவாகிறது.

இனி உங்கள் பட்டியல். மாரத்தானைத் தவிர எதையும் விட வேண்டாம். ஆனால் எது உடலின் எந்தப் பகுதியைத் தொடுகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நீச்சலிலும் சைக்கிளிலும் இதயமும் நுரையீரலும் நன்றாக உழைக்கும், எலும்பில் அடி விழாது. ஓடாத நாட்களுக்கு இவை மிகப் பொருத்தம். அதே காரணத்தால் இவை மட்டும் செய்தால் எலும்பு பெரிதாக வலுப்பெறாது. ஓட்டம் அதற்காகவே வேண்டும். மலையேற்றத்தில் ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடைத் தசையைப் பதம் பார்க்கும். வலி அன்றைக்குத் தெரியாது, அடுத்த ஓரிரு நாளில் உச்சத்துக்கு வரும். ஞாயிறு மலை ஏறினால் திங்களும் செவ்வாயும் ஓட்டம் வேண்டாம். பாட்மின்டனில் எல்லாத் திசையிலும் தாவுவதால் எலும்புக்கு நல்லதுதான். ஆனால் திடீரென்று நின்று திரும்பும்போது கெண்டைக்கால் சதையும் குதிகால் நாணும் வெட்டி இழுபடும். நாற்பதைத் தாண்டியவர்கள் அதிகம் அடிபடும் இடம் அதுதான். பட்டியலில் இல்லாத ஒன்றையும் சேர்க்கச் சொல்வேன். வாரத்தில் இரண்டு நாள், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்வது போன்ற எளிய வலுப்பயிற்சி. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு இந்த இரண்டு நாள் தசைப் பயிற்சியையும் சொல்கிறது. பலரும் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது வலி அல்ல, அந்த ஓய்வு டிசம்பர் வரை நீண்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு செயல் தன்னியல்பான பழக்கமாக எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. உடற்பயிற்சி, தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்களைவிடத் தாமதமாகவே படிந்தது. நடுவில் ஒருநாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. உங்கள் கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். பிப்ரவரி பாதி என்பது ஏறத்தாழ 45ஆவது நாள். பழக்கம் படியும் முன்பே ஒவ்வொரு முறையும் அறுந்துபோகிறது. நீங்கள் ஓட்டத்தை நிறுத்தியது சரி. அந்த நேரத்தையும் சேர்த்துக் கைவிட்டதுதான் சிக்கல். ஓட முடியாத நாளிலும் அதே நேரத்துக்கு எழுந்து குளத்துக்கோ சைக்கிளுக்கோ போய்விட்டால் பழக்கம் உயிரோடு இருக்கும், கால் ஆறியதும் ஓட்டம் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். உங்கள் பட்டியலில் மற்ற விளையாட்டுகள் இருப்பதை நான் ஆதரிப்பதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

வலி வந்தால் இப்படிப் பாருங்கள். உட்கார்ந்து, கட்டைவிரலால் முன்காலெலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். வலி ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக இருந்தால் பெரும்பாலும் எலும்பை ஒட்டிய திசுக்களின் எரிச்சல். சில நாள் ஓட்டத்தை விட்டு நீந்தினால் அடங்கும். ஒரு நாணயத்தின் அளவில், ஒரே புள்ளியில் சுருக்கென்று இருந்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ ஓடாதீர்கள். அது விரிசலாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நடக்கும்போதோ ஓடும்போதோ நெஞ்சு இறுகினால் எதற்கும் காத்திருக்க வேண்டாம், அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

மாரத்தான் இந்த ஆண்டு வேண்டாம். 42.195 கிலோமீட்டரை இந்தக் கால்களின் மேல் இப்போது ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆண்டின் நடுவில் 5 கிலோமீட்டரை நிற்காமல், பேசிக்கொண்டே ஓட முடிந்தால் போதும். டிசம்பரில் 10. அரை மாரத்தானைப் பற்றி அடுத்த ஆண்டு பேசலாம்.

ஜனவரியில் ஓட்டமும் நீச்சலும் மட்டும் தொடங்குங்கள். பிப்ரவரி கடைசியில் சைக்கிளைச் சேர்த்துக்கொள்ளலாம். மலைக்கு ஏப்ரலில் போங்கள், முதலில் சிறிய குன்றாகப் பாருங்கள். பாட்மின்டன் நண்பர்களை மே வரை பொறுக்கச் சொல்லுங்கள். ஆடப் போகும்போது இரட்டையர் ஆட்டமாகவே இருக்கட்டும், பாதி ஆடுகளத்தை இன்னொருவர் பார்த்துக்கொள்வார்.

அன்புடன்.