உம்மாவுக்குப் பட்டன் போன், தம்பிக்குச் செயலி: வீட்டு இணையத் தொலைபேசி கேள்வி-பதில்

கேள்வி: தம்பி ரியாத்துக்குச் சபுர் போயிருக்கிறான். உம்மாவுக்குத் தொடுதிரை ஒத்துவரவில்லை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பேசித்தான் பழக்கம். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. அதிகச் செலவில்லாமல் இருவரும் பேச வழி உண்டா? (வாசகி, கீழக்கரை)

பதில்: உண்டு. ஆனால் கருவி வாங்க அவசரப்படாதீர்கள். முதலில் இலவசமாக இரண்டு எஸ்.ஐ.பி. கணக்கு திறங்கள். இது முதலீட்டுத் திட்டமல்ல, இணைய அழைப்புக்கான முகவரி. ஒன்றை உங்கள் கைபேசியிலும் மற்றதைத் தம்பியின் கைபேசியிலும் எஸ்.ஐ.பி. செயலியில் போட்டு ஒரு வாரம் பேசிப் பாருங்கள். சவூதியில் இணைய அழைப்புக்கான தடை 2017 செப்டம்பரில் விலக்கப்பட்டது. என்றாலும் எல்லாச் சேவையும் எல்லா நெட்வொர்க்கிலும் எடுக்கும் என்றில்லை. பயனர் பெயர் வெறும் எண்ணாக இருக்கும் சேவையைத் தேர்ந்தெடுங்கள். பட்டன் போனில் எழுத்துகளை அடிக்க முடியாது.

பேச்சு தெளிவாக இருந்தால், சாதாரண பட்டன் போனை இணையத்தோடு இணைக்கும் ஏ.டி.ஏ. என்னும் சிறு பெட்டியை வாங்கலாம். ஒரே போனுக்கு கிராண்ட்ஸ்ட்ரீம் எச்.டி.801 போன்ற ஒற்றை போர்ட் கருவி போதும். ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் ஒரு பக்கம், பட்டன் போன் மறுபக்கம். போனின் அடியில் டோன், பல்ஸ் என்று சுவிட்ச் இருந்தால் டோனில் வையுங்கள். இந்த மாடலில் ரிசீவரை எடுத்து மூன்று முறை நட்சத்திரக் குறியை அழுத்தி 02 அடித்தால், கருவியின் ஐ.பி. முகவரியை அதுவே ஆங்கிலத்தில் சொல்லும். அதை பிரவுசரில் அடித்து உள்ளே போய், முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு எஃப்.எக்ஸ்.எஸ். (போன் செருகும் போர்ட்) பக்கத்தில், உங்கள் கைபேசியில் சோதித்த எஸ்.ஐ.பி. கணக்கின் சர்வர் பெயர், பயனர் எண், கடவுச்சொல் மூன்றையும் போடுங்கள்.

அதே பக்கத்தில் இரண்டு வசதிகளைத் தவறவிடாதீர்கள். ஒன்று, ‘ஆஃப்ஹூக் ஆட்டோ டயல்’. அதில் தம்பியின் எண்ணைப் போட்டுவிட்டால் உம்மா ரிசீவரை எடுத்தாலே அவனுக்கு மணி அடிக்கும். இன்னொன்று, எஸ்.ஐ.பி. சர்வரிலிருந்து வரும் அழைப்பை மட்டும் ஏற்கும் வசதி. இதைப் போடாவிட்டால், திறந்து கிடக்கும் இணைய வாசல் (போர்ட்) தேடி அலையும் நிரல்கள் நள்ளிரவில் போனை அடிக்கவைக்கும். எடுத்தால் மறுமுனையில் யாரும் இருக்க மாட்டார்கள். வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் தாய்க்கு அந்த நேரத்து மணி எவ்வளவு பதற்றம் தரும்!

சுவரில் பழைய லேண்ட்லைன் ஒயர் ஓடுகிறது, அதிலேயே ஏ.டி.ஏ.வைச் செருகலாம் என்று நினைத்தால், வெளியிலிருந்து வரும் ஜோடிக் கம்பியை முதலில் கழற்றிவிடுங்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து அதில் 48 வோல்ட் வந்துகொண்டிருக்கலாம். மணி அடிக்கும்போது இன்னும் கூடுதலாக ஏ.சி. பாயும். கருவி தாங்காது.

தம்பியின் ஆண்ட்ராய்டு போனில் அந்தச் செயலிக்கு பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் செயலி தூங்கிவிடும், மணி அடிக்காது.

கேள்வி: அழைப்பு எடுக்கிறது, ஒருவர் குரல் மட்டும் கேட்கிறது. சில நேரம் அரை நிமிடத்தில் தானாகவே துண்டாகிறது. (தங்கச்சிமடம்)

பதில்: கடிகாரம் வைத்துப் பாருங்கள். சரியாக 32 வினாடியில் துண்டானால் கோளாறு இணைய வேகத்தில் இல்லை. அழைப்பை ஏற்றதும் மறுமுனையிலிருந்து ஒரு உறுதிச் செய்தி வர வேண்டும். அது வராவிட்டால் 32 வினாடி காத்திருந்து கருவி தானே துண்டிக்கும். பெரும்பாலும் குற்றவாளி ரவுட்டரில் உள்ள ‘எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி.’ என்னும் வசதி. உதவி செய்கிறேன் என்று முகவரிகளைத் தவறாக மாற்றி எழுதிவிடும். ஒருவர் குரல் மட்டும் கேட்பதும் பெரும்பாலும் இதனால்தான். அதை அணைத்து, ரவுட்டர், ஏ.டி.ஏ. இரண்டையும் அணைத்துப் போடுங்கள். ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் சொந்த ரவுட்டர் ஒன்றும் இருந்தால், அதை வைஃபை மட்டும் பரப்பும் அக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றுங்கள். இரண்டு ரவுட்டர் அடுத்தடுத்து நின்றாலும் இதே தொல்லைதான்.

கேள்வி: மணிக்கணக்கில் பேசினால் டேட்டா எவ்வளவு போகும்? கணவர் அபுதாபியில் இருக்கிறார். (பெரியபட்டினம்)

பதில்: ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) ஒரு மணி நேரத்துக்குப் போக வரச் சேர்த்து 80 எம்.பி.க்குள், ஜி.729 என்றால் 30 எம்.பி.க்குள். ஆனால் உங்களுக்கு டேட்டா கவலையே அல்ல. ஐக்கிய அமீரகத்தில் வாட்ஸாப் அழைப்பு எடுக்காது. போட்டிம் போல அங்கே அனுமதி பெற்ற செயலிகளில்தான் பேச வேண்டும். வி.பி.என். போட்டுத் தடையைத் தாண்டச் சொல்லாதீர்கள். சட்டத்தில் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் இருக்கிறது.

கேள்வி: கரண்ட் போனால் போனும் போய்விடுகிறது. பழைய லேண்ட்லைனில் இப்படி இல்லையே? (மண்டபம்)

பதில்: பழைய செம்புக் கம்பி லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. உங்கள் ஃபைபர் பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடும். அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதே வோல்ட், அதே ஆம்பியருக்குக் குறையாத மினி யு.பி.எஸ். வாங்குங்கள். 22 வாட்-மணி பேட்டரியில் 9 வாட் பெட்டி இரண்டு மணி நேரம் ஓடும். ஏ.டி.ஏ. 5 வோல்ட் என்றால், யு.எஸ்.பி. வெளியீடும் உள்ள யு.பி.எஸ்.ஸாகப் பாருங்கள். கார்ட்லெஸ் போன் வேண்டாம். அதன் அடித்தட்டுக்குத் தனி மின்சாரம் தேவை. ஒயர் போன் ஏ.டி.ஏ.விலிருந்தே எடுத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அவசர எண் 112-க்கு இதை நம்பியிருக்காமல் கைபேசியிலும் சார்ஜ் வைத்திருங்கள்.

கேள்வி: ஆறே மாதத்தில் போனில் கரகரப்பு. (பாம்பன்)

பதில்: உப்புக்காற்று. போன் ஒயரின் முனையில் உள்ள பின்னைக் கழற்றிப் பாருங்கள். பொன்னிறக் கம்பிகளின் ஓரத்தில் பச்சை பூத்திருக்கும். முதலில் போனைச் சின்ன ஒயரில் நேரே ஏ.டி.ஏ.வில் செருகிப் பேசுங்கள். கரகரப்பு மறைந்தால் கோளாறு சுவர் ஒயரில். பழைய பின்னை வெட்டிவிட்டுப் புதிய பின்னைக் கருவியால் அழுத்திப் பொருத்துவது (கிரிம்ப்) நல்லது. சாக்கெட்டை மின்சாரத்தை அணைத்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தங்கப் பூச்சு போய், அடுத்த மாதமே மறுபடி பூக்கும். லேன் கேபிள் முழுச் செம்பாக வாங்குங்கள்; செம்பு பூசிய அலுமினியம் இந்தக் காற்றில் சீக்கிரம் அரித்துவிடும். வெளியிலிருந்து வரும் கேபிளைச் சுவருக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

கேள்வி: வீட்டுக்குள் சிக்னல் இல்லை, வைஃபை மட்டும் உண்டு. (இராமேஸ்வரம்)

பதில்: எதுவும் வாங்க வேண்டாம். கைபேசி அமைப்பில், சாதாரண அழைப்பை வைஃபை வழியாக அனுப்பும் ‘வைஃபை காலிங்’ போடுங்கள். ஜியோவும் ஏர்டெல்லும் தருகின்றன. தனுஷ்கோடிப் பக்கம் போகும்போது டேட்டா ரோமிங்கை அணைத்துவையுங்கள், இலங்கை டவர் பிடிக்கக்கூடும்.

கேள்வி: நிறைய சிம் போடும் பெட்டி ஒன்றை வீட்டில் வைத்தால் மாதம் பணம் தருவதாக ஒருவர் சொல்கிறார். (தொண்டி)

பதில்: வைக்காதீர்கள். வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்புபோலக் காட்டும் சிம் பாக்ஸ் அது. 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் சேவை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெட்டி இருக்கும் வீடு உங்களுடையது என்பதால் முதலில் விசாரிக்கப்படுவதும் நீங்கள்தான். அவரிடம் ஆதார் நகல் கொடுத்திருந்தால், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று இன்றே பாருங்கள். உங்களுடையதல்லாத எண்ணை அங்கேயே புகார் செய்யலாம்.