சோப்பு போட்ட சிறகு

அன்புள்ள ஐயா,
வால்பாறைக்குச் சுற்றுலா சென்றபோது ஒரு பெரிய மரத்தடியில் நீளமான இறகுகள் நாலைந்து கிடந்தன. இருவாச்சி என்ற பெரிய அலகுள்ள காட்டுப் பறவையின் இறகு என்றார் ஓட்டுநர். ஒன்றை எடுத்து வந்தேன். அதன் வெள்ளைப் பகுதியில் மஞ்சள் கறை இருக்கிறது. சோப்பு போட்டும் முழுதாகப் போகவில்லை. எப்படிப் போக்குவது? வீட்டில் வைத்தால் நல்லது என்கிறார்களே, உண்மையா?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நல்லதா கெட்டதா என்ற பேச்சை விடுங்கள். உதிர்ந்த மயிலிறகுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. இருவாச்சியோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை. அதன் இறகை நீங்கள் வைத்திருக்கவே கூடாது.

அந்த மஞ்சள், பறவை தானே பூசிக்கொண்டது. வாலடிச் சுரப்பியில் ஊறும் எண்ணெயை அலகால் எடுத்துச் சிறகில் தடவிக்கொள்ளும். அதற்கா சோப்பு போட்டீர்கள்?

சில நாட்களாகவே இந்தப் பறவை என் நினைவில் இருக்கிறது. ஆனைமலையில் அதைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட்டேன். பெருஞ்சிறகுகளின் அடிப்பகுதியைக் கீழிருந்து மூடும் சிற்றிறகுகள் அதற்கு இல்லாததால், இடுக்குகளில் காற்று புகுந்து இறக்கையின் ஒவ்வொரு வீச்சுக்கும் இரைகிறது. தேயிலைச் சரிவைத் தாண்டியும் அந்த இரைச்சல் கேட்டது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 'நாலைந்து' என்ற சொல். ஒரே மரத்தடியில் அத்தனை இறகுகள் என்றால் மேலே பொந்து இருந்திருக்கலாம். பெண் பறவை பொந்துக்குள் புகுந்து, எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலைப் பூசிவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்றுதான் மிச்சம். உள்ளே அடைகாத்தபடியே பழைய சிறகுகளை உதிர்த்துப் புதியவற்றை வளர்த்துக்கொள்ளும். வாரக்கணக்கில் அதற்கும் குஞ்சுக்கும் ஆண் கொண்டுவரும் அத்திப்பழம் போன்றவைதான் உணவு. வால் சிறகுக்காக அந்த ஆணை ஒருவன் சுட்டால், பொந்துக்குள் இருப்பவையும் பட்டினியில் சாகும். ஒரு தோட்டாவில் ஒரு குடும்பமே போய்விடும்.

அருணாசலப் பிரதேசத்தின் நிஷி மக்கள் தலையணியில் இருவாச்சியின் அலகைச் சூடுவது மரபு. இன்று பலர் கண்ணாடியிழையில் செய்த அலகைச் சூடுகிறார்கள். பக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில், முன்பு வேட்டையாடியவர்களில் சிலர் இப்போது கூடுகளுக்குக் காவல் இருக்கிறார்கள். தலைமுறை வழக்கத்தையே அவர்களால் மாற்ற முடிந்திருக்கிறது. ஒரு சுற்றுலாப் பொருளை விட உங்களுக்கு மனம் வரவில்லையா?

இறகை வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்து, மரம் இருக்கும் இடத்தை அவர்களிடம் மட்டும் சொல்லுங்கள். முகநூலில் போட்டுக் கூட்டம் சேர்க்காதீர்கள். நீங்கள் போனது எந்த மாதம்? மார்ச், ஏப்ரல் என்றால் அது பெண் பறவை பொந்தில் அடைந்திருக்கும் காலம்; இன்றே போய்ச் சொல்லுங்கள்.